வீட்டுக் கணினியில் கிளவுட் சேமிப்பு: எங்கிருந்து தொடங்குவது, எங்கே சறுக்கும்

கேள்வி இதுதான்: வீட்டில் விண்டோஸ் 11 மடிக்கணினி ஒன்று, 256 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க். பத்தாண்டுப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், கொஞ்சம் கணக்குவழக்கு எல்லாம் அதில்தான். டிஸ்க் நிறைந்துகொண்டே வருகிறது. டிஸ்க் பழுதானால் எல்லாம் போய்விடுமே என்ற பயமும் இருக்கிறது. கிளவுடில், அதாவது இணையம் வழியே ஒரு நிறுவனத்தின் சர்வரில், போட்டால் இரண்டும் தீருமா? எப்படித் தொடங்குவது?

இரண்டும் தீரும். ஆனால் ஒரே ஃபோல்டரில் இரண்டும் ஒருசேரத் தீராது. இடம் மிச்சமாக வேண்டுமென்றால் ஃபைல் கணினியைவிட்டு நீங்கி கிளவுடில் மட்டும் இருக்க வேண்டும். பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு எதிர். ஆகவே எந்த மென்பொருளையும் நிறுவும் முன் ஒரு தாளில் உங்கள் ஃபோல்டர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இங்கும் அங்கும்" அல்லது "அங்கே மட்டும்" என்று குறியுங்கள். கிளவுடில் ஃபைலைத் தொலைத்தவர்களில் பெரும்பாலோருக்குச் சேவை பழுதாகி எதுவும் நடக்கவில்லை. அந்த ஃபைல் உண்மையில் எந்த டிஸ்கில் இருக்கிறது என்பது தெரியாமலே அழித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதன் வேர் ஒரே ஒரு விஷயத்தில் இருக்கிறது. கூகுள் டிரைவ், மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மூன்றுமே அடிப்படையில் சிங்க் செய்பவை. கணினியில் ஒரு ஃபைலைச் சேர்த்தால் அங்கும் சேரும், திருத்தினால் அங்கும் திருந்தும், அழித்தால் அங்கும் அழியும். கைபேசியில் அழித்தாலும் கணினியிலிருந்து போகும். பேக்கப் என்பது இது இல்லை. ஒரு பக்கம் நடந்த தவறு மறு பக்கத்தைத் தொடாமல் இருந்தால்தான் பேக்கப். சிங்க் மட்டும் வைத்திருப்பவருக்கு மிஞ்சியிருக்கும் பாதுகாப்பு குப்பைத்தொட்டியும் பழைய பதிப்புகளும்தான். அவற்றுக்குக் கெடு உண்டு.

எந்தச் சேவை என்பதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். கூகுள் 15 ஜிபி இலவசம் தருகிறது, ஆனால் அது ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டு கைபேசியின் வாட்ஸப் பேக்கப்பும் இப்போது அந்தக் கணக்கில்தான் சேர்கிறது. ஒன்டிரைவ் 5 ஜிபி, ஆப்பிளின் ஐகிளவுட் 5 ஜிபி, டிராப்பாக்ஸ் 2 ஜிபி, அதுவும் மூன்று கருவிகள் வரைதான். வேர்ட், எக்ஸெல் வேண்டுமென்று மைக்ரோசாஃப்ட் 365 பர்சனல் சந்தாவை ஏற்கெனவே கட்டுகிறவர் என்றால் அதிலேயே 1 டிபி (சுமார் 1,000 ஜிபி) இருக்கிறது. வேறெங்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. அதன் ஃபேமிலி திட்டத்தில் ஆறு பேர் வரை ஆளுக்கு 1 டிபி. வீட்டில் எல்லோர் கையிலும் ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் ஒன் 100 ஜிபி திட்டத்தில் தொடங்குவது எளிது, அதைக் குடும்பத்தில் இன்னும் ஐந்து பேரோடு பங்கிடலாம். ஒருவர் ஃபைல் மற்றவருக்குத் தெரியாது, இடம் மட்டும்தான் பொது.

இலவசத்தை நம்பி நான்கு சேவைகளில் நான்கு கணக்குத் திறந்து பிரித்துப் போடுவதைப் பலர் சாமர்த்தியமாக நினைக்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து எது எங்கே என்று தேடும்போதுதான் அதன் விலை தெரியும். தவிர, இலவச அளவு என்பது நிறுவனம் நினைத்தால் மாறக்கூடியது. ஒன்டிரைவ் முன்பு 15 ஜிபி தந்தது, 2016-இல் 5 ஆகக் குறைத்தது. கூகுள் ஃபோட்டோஸின் அளவற்ற இலவசம் 2021 ஜூன் 1 அன்று முடிந்தது. அமேசான் டிரைவ் 2023 டிசம்பர் 31 அன்று கடையையே மூடிவிட்டது. பயன்படுத்தாத கணக்கும் நிலைக்காது. இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட தனிநபர் கணக்கைக் கூகுள் அழிக்கலாம்.

முதலில் அளந்து பாருங்கள். ஒவ்வொரு ஃபோல்டரையும் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால் அளவும் ஃபைல் எண்ணிக்கையும் வரும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சான்றிதழ், பத்திரம், ரசீது என்று எல்லா ஸ்கேன்களும் சேர்ந்து பொதுவாக 1 ஜிபியைத் தாண்டாது. கைபேசிப் படம் ஒன்று 3 முதல் 5 எம்பி. இடத்தை விழுங்குவது காணொளி. 4கே-யில் எடுத்த ஒரு நிமிடம் கைபேசியைப் பொறுத்து 200 முதல் 400 எம்பி வரை போகும். கல்யாண வீடியோ ஒன்றே இலவச அளவை முடித்துவிடும். ஆவணங்கள் முதலில், படங்கள் பிறகு, காணொளி கடைசியில் என்று வரிசைப்படுத்தினால், இடையில் இடம் தீர்ந்தாலும் முக்கியமானவை உள்ளே போயிருக்கும்.

கணக்கைப் பூட்டிவிட்டு உள்ளே போங்கள்

ஃபைல் ஒன்றைக்கூட ஏற்றும் முன் கணக்கின் பாதுகாப்பு. இதுவரை உங்கள் பாஸ்வேர்டு காத்தது மின்னஞ்சலை மட்டும். இனி அது வீட்டுப் பத்திரத்தையும் காக்கும். வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட பாஸ்வேர்டு ஒன்று வையுங்கள், பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். எஸ்எம்எஸ் ஓடிபி-யைவிட, கைபேசியிலேயே எண் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலி நல்லது, கருவியின் திரைப்பூட்டாலேயே உள்நுழைய விடும் பாஸ்கீ இன்னும் நல்லது. எஸ்எம்எஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்தியாவில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் நிறுத்திவிடலாம், பிறகு அது வேறொருவருக்குப் போகும். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு ஊர் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தவர்கள் இப்படித்தான் சொந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

கூகுளில் இரண்டடுக்குச் சரிபார்ப்புப் பக்கத்திலேயே கைபேசி கையில் இல்லாதபோது உள்நுழைய பேக்கப் கோடுகள் என்று பத்து எண்கள் கிடைக்கும், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறைதான் செல்லும். அவற்றைக் காகிதத்தில் அச்சிட்டு ரேஷன் கார்டு இருக்கும் பீரோவில் வையுங்கள். அதே கிளவுடுக்குள் சேமித்து வைப்பது சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதுதான். மைக்ரோசாஃப்ட் கணக்குக்கு ரெகவரி கோடு ஒன்று உண்டு, அதையும் கூடவே வையுங்கள்.

ஒன்டிரைவின் டெஸ்க்டாப் சிக்கல்

விண்டோஸ் 11 கணினியில் ஒன்டிரைவ் ஏற்கெனவே இருக்கிறது. புதுக் கணினியை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கும்போதே டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களின் பேக்கப்பை அது இயக்கிவிடுவதுண்டு. அதைப் பேக்கப் என்கிறார்கள், நடப்பது வேறு. அந்த ஃபோல்டர்கள் இருக்கும் இடமே மாறுகிறது. சி டிரைவில் உங்கள் பெயரின் கீழ் இருந்த டெஸ்க்டாப், இப்போது உங்கள் பெயரின் கீழ் உள்ள ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போய்விடும். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது.

பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி. பிக்சர்ஸில் 40 ஜிபி இருக்கிறது, இலவச இடம் 5 ஜிபி. சில நாளில் இடம் நிறைந்துவிட்டதென்று அறிவிப்பு. நாம்தான் கேட்கவே இல்லையே, இதை ஏன் கிளவுடில் வைக்க வேண்டுமென்று கணினியின் சொந்தக்காரர் ஒன்டிரைவ் இணையதளத்துக்குப் போய் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அழிக்கிறார். சிங்க் தன் வேலையைச் செய்கிறது: கணினியின் டெஸ்க்டாப் காலி. அப்படி ஆகிவிட்டால் வேறெதையும் தொடாமல் ஒன்டிரைவ் தளத்தின் ரீசைக்கிள் பின்னைத் திறந்து திரும்பப் பெறுங்கள். தனிநபர் கணக்கில் 30 நாள் வரை அங்கே இருக்கும்.

இதைச் சரியாக நிறுத்தும் வழி: கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேகச் சின்னத்தைக் கிளிக் செய்து, பல்சக்கரம் வழியே செட்டிங்ஸ் திறந்து, சிங்க் அண்ட் பேக்கப் பகுதியில் மேனேஜ் பேக்கப்புக்குப் போங்கள். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு சுவிட்ச் இருக்கும். அணைக்கும்போது ஃபைல்கள் கணினியில் மட்டும் இருக்கட்டுமா, ஒன்டிரைவிலேயே இருக்கட்டுமா என்று புதிய பதிப்புகள் கேட்கும். பழைய பதிப்பு கேட்காது. டெஸ்க்டாப் வெறிச்சோடி, ஃபைல்கள் எங்கே என்று ஒரு ஷார்ட்கட் மட்டும் நிற்கும். பதற வேண்டாம். அவை ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப் என்ற உள்ஃபோல்டரில் அப்படியே உள்ளன. அங்கிருந்து கட் செய்து பழைய இடத்தில் ஒட்டினால் முடிந்தது. ஒட்டும் முன் அவை கணினியில் முழுமையாக இறங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

அதைத் தெரிந்துகொள்ள மூன்று சின்னங்கள் போதும். நீல மேகம்: ஃபைல் கிளவுடில் மட்டும், கணினியில் பெயர்ப்பலகை மட்டுமே. வெள்ளை வட்டத்தில் பச்சை டிக்: திறந்ததால் இறங்கியிருக்கிறது, ஆனால் மறுபடி வெளியேற்றப்படலாம். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக்: எப்போதும் இங்கே இருக்கும். வலது கிளிக் செய்து "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" கொடுத்தால் மூன்றாவது நிலை, "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" கொடுத்தால் முதல் நிலை. உங்கள் தாளில் "இங்கும் அங்கும்" என்று எழுதியவற்றுக்கு முன்னது, "அங்கே மட்டும்" என்று எழுதியவற்றுக்குப் பின்னது. மின்வெட்டும் இணைய வெட்டும் சேர்ந்து வரும் ஊர்களில் நீல மேகமாக நிற்கும் ஃபைல் அந்த நேரத்துக்கு இல்லாத ஃபைல்தான். நாளை நேர்முகத் தேர்வுக்கு வேண்டிய சான்றிதழை அப்படி வைக்காதீர்கள்.

தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை, மூன்று ஃபோல்டர் பேக்கப்பையும் அணைத்துவிட்டு, ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் நீங்களே நான்கைந்து ஃபோல்டர் உருவாக்கி, கிளவுடுக்குப் போக வேண்டியதை மட்டும் கையால் போடுவது. சந்தாவும் 1 டிபி இடமும் இருந்தால், பழக்கம் வந்தபின் மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

கூகுள் டிரைவ் வழி

கூகுளுக்கு டிரைவ் ஃபார் டெஸ்க்டாப் என்ற செயலியை இறக்கி நிறுவ வேண்டும். நிறுவியதும் ஜி என்ற எழுத்தோடு ஒரு புதிய டிரைவ் கணினியில் தோன்றும். இது ஸ்ட்ரீம் நிலை. அதில் தெரிபவை கிளவுடில் இருக்கின்றன, திறக்கும்போதுதான் இறங்குகின்றன. ப்ரிஃபரன்ஸஸில் மிரர் என்று மாற்றினால் எல்லாம் கணினியில் முழு நகலாக வந்துவிடும். 256 ஜிபி டிஸ்கில் 200 ஜிபி டிரைவை மிரர் செய்ய முயல்வது வீண்.

ஸ்ட்ரீம் நிலையில் பலர் கவனிக்காதது: ஜி டிரைவில் போடும் ஃபைல் முதலில் சி டிரைவில் மறைவாக இருக்கும் கேஷ் என்ற தற்காலிக ஃபோல்டரில் விழுகிறது, அங்கிருந்துதான் மேலே போகிறது. சி டிரைவில் இடம் இல்லையென்றால் ஏற்றமும் நிற்கும். கேஷ் இருக்கும் இடத்தை செட்டிங்ஸில் வேறு டிரைவுக்கு மாற்றலாம். ஏற்றம் முடியும் முன் கணக்கைத் துண்டித்தாலோ செயலியை நீக்கினாலோ நடுவில் நின்ற ஃபைல்களுக்கு ஆபத்து. 2023 நவம்பரில் இந்தச் செயலியின் 84-ஆம் பதிப்பில் வந்த கோளாறால் சிலருடைய பல மாத ஃபைல்கள் காணாமல் போயின. கணக்கைத் துண்டிக்காதீர்கள், கேஷ் ஃபோல்டரை அழிக்காதீர்கள் என்று கூகுள் அப்போது அறிவுறுத்தி, பிறகு மீட்புக் கருவி ஒன்றைச் செயலியிலேயே சேர்த்தது. அந்த அறிவுரை எப்போதும் பொருந்தும்: சின்னத்தைக் கிளிக் செய்து, எல்லாம் ஏறிவிட்டது என்று அது சொன்ன பிறகே எதையும் நீக்குங்கள்.

கணினியில் இருக்கும் ஃபோல்டரை இடம் மாற்றாமலே சிங்க் செய்யும் வசதியும் இதில் உண்டு. ஆட் ஃபோல்டர் கொடுத்தால் போதும். அப்படிப் போனவை இணையதளத்தில் மை டிரைவில் தெரியாது. இடது பக்கம் கம்ப்யூட்டர்ஸ் என்ற தனிப் பகுதியில் இருக்கும். ஏற்றினேன், காணோம் என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான். அதே இடத்தில் கூகுள் ஃபோட்டோஸுக்குப் பேக்கப் என்ற தெரிவும் வரும். அது ஒருவழிப் பாதை: கணினியில் படத்தை அழித்தாலும் ஃபோட்டோஸில் நிற்கும். படங்களுக்கு அது நல்லதே. டிரைவ், ஃபோட்டோஸ் இரண்டையும் டிக் செய்தால் மட்டும் ஒரே படம் இரண்டு முறை இடம் பிடிக்கும்.

ஒரே ஃபோல்டரை ஒன்டிரைவுக்கும் கூகுளுக்கும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஒன்று மாற்றியதை மற்றது மாற்றமென்று எடுத்துக்கொண்டு மாறி மாறி ஏற்றும், ஒரே ஃபைலுக்கு மூன்று நகல் பிறக்கும்.

முதல் ஏற்றம்

இங்கேதான் பொறுமை வேண்டும். இணைய விளம்பரங்களில் பெரிதாக அச்சிட்டிருப்பது இறக்க வேகம். நமக்கு வேண்டியது ஏற்ற வேகம். ஃபைபரில் இரண்டும் சமமாக இருப்பதுண்டு, கேபிளிலும் பழைய தொலைபேசிக் கம்பியிலும் ஏற்றம் மிகக் குறைவு. ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் கூடுதல் விவரம் கொடுத்தால் அது தெரியும். அங்கே வரும் எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, ஃபைல் அளவு பைட் கணக்கு, ஆகவே எட்டால் வகுக்க வேண்டும். ஏற்ற வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 1.25 எம்பி. 100 ஜிபிக்கு 80,000 நொடி, சுமார் 22 மணி நேரம், இடையில் எந்தத் தடையும் இல்லாவிட்டால். 2 எம்பிபிஎஸ் என்றால் நான்கரை நாளுக்கு மேல். பத்தாயிரம் சிறு ஃபைல்கள் அதே அளவுள்ள ஒரு பெரிய வீடியோவைவிட மிக மெதுவாகப் போகும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சர்வரோடு பேச வேண்டியிருப்பதால்.

அந்த நேரம் முழுக்க ஏற்றம் இணைப்பை நிரப்பிவிட்டால் வீட்டில் வீடியோ கால் திக்கும், பக்கங்கள் திறக்கத் திணறும். இறக்கத்துக்கும் அவ்வப்போது பதில் அனுப்ப ஏற்றப் பாதை வேண்டும், அது அடைபட்டுக் கிடப்பதே காரணம். இரண்டு செயலியிலும் ஏற்ற வேகத்துக்கு வரம்பு வைக்கலாம். அளந்த வேகத்தில் முக்கால் பங்கு வையுங்கள். இரவில் ஓடவிடுவதென்றால் விண்டோஸ் பவர் செட்டிங்ஸில் சார்ஜரில் இருக்கும்போது ஸ்லீப் வேண்டாம் என்று மாற்றுங்கள். தூங்கிய கணினி எதையும் ஏற்றாது, காலையில் பார்த்தால் 3 சதவீதத்தில் நிற்கும். மடிக்கணினியின் மூடியை மூடினாலும் அதே கதி. கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இதைத் தொடங்கவே வேண்டாம், நாளுக்கு 2 ஜிபி என்ற டேட்டா காலை உணவுக்குள் தீர்ந்துவிடும். அந்த இணைப்பை விண்டோஸில் மீட்டர்டு (டேட்டாவுக்கு அளவுள்ளது) என்று குறித்துவிட்டால் ஒன்டிரைவ் தானாக நின்றுவிடும்.

ஆனால் 100 ஜிபியை ஏற்றும் முன் ஒரே ஒரு ஃபைலை வைத்து இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு சின்ன டாக்குமென்டை ஏற்றி, வேறொரு கருவியில் உலாவி வழியாக உள்நுழைந்து அதைத் திறந்து பாருங்கள். பிறகு கணினியில் அதை அழித்து, தளத்தின் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டுப் பாருங்கள். கால் மணி நேரம் ஆகும். பாஸ்வேர்டு, ஓடிபி, குப்பைத்தொட்டி எங்கிருக்கிறது என்ற எல்லாம் தெளிவாகிவிடும்.

ஏற்றும்போது கட் செய்து ஒட்டாமல் காப்பி செய்யுங்கள். எல்லாம் முடிந்ததென்று செயலி சொன்ன பிறகும், உலாவியில் போய் ஃபோல்டருக்கு ஒன்றிரண்டு ஃபைல் திறந்து பாருங்கள், குறிப்பாகப் பெரிய காணொளிகளை. கணினியின் எக்ஸ்ப்ளோரரில் பார்த்து உறுதி செய்வது பயனற்றது, அது உங்கள் கணினியின் பக்கத்தைத்தான் காட்டும், கிளவுடில் போய்ச் சேர்ந்ததை அல்ல. பழைய அசலை ஒரு மாதம் கழித்து அழித்தால் போதும்.

சிங்க் ஆகாமல் நிற்கும் ஃபைல்களுக்குக் காரணம் பெரும்பாலும் பெயர். கேள்விக்குறி, நட்சத்திரம், முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள், சாய்கோடு போன்றவற்றை ஒன்டிரைவ் ஏற்காது. மேக்கிலிருந்து வந்த ஃபைல்களில் இவை இருக்கும். இன்னொன்று நீளம்: விண்டோஸின் பல நிரல்கள் ஃபோல்டர் பெயர்கள் உட்பட மொத்தப் பாதை 260 குறிகளைத் தாண்டினால் திணறும். தமிழில் பெயர் வைப்பவர்கள் இதைச் சற்றுக் கணக்கில் கொள்ள வேண்டும். 'கு' என்பது கணினிக்கு இரண்டு குறி, 'க்' என்பதும் இரண்டு. ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் ஒரு பெயருக்கு 255 பைட் வரம்பு. தமிழ்க் குறி ஒன்று மூன்று பைட் பிடிப்பதால் சுமார் 85 குறிகளோடு முடிந்துவிடும். தமிழ்ப் பெயர் தாராளமாக வைக்கலாம், சுருக்கமாக வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒரே பெயரில் இரண்டு ஃபைல் அருகருகே நிற்பதாகத் தோன்றினால், மேக் எங்காவது இடையில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். 'கொ' என்ற எழுத்தின் துணைக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யுனிகோட் இரண்டையும் ஏற்கிறது. மேக்கின் பழைய ஃபைல் அமைப்பு பிரித்து வைக்கும், விண்டோஸ் நீங்கள் தட்டியபடி வைக்கும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒன்றைத் திறந்து பார்த்து மற்றதை நீக்கிவிடுங்கள்.

எதைச் சிங்க் ஃபோல்டரில் வைக்கக் கூடாது

ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை. டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி ஃபைல், தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலியின் ப்ரொஃபைல் எல்லாம் இதில் அடங்கும். இவை பல ஃபைல்களை ஒரே நேரத்தில் திறந்து வைத்து எழுதுபவை. சிங்க் செயலி பாதி எழுதிய நிலையில் ஒன்றை எடுத்துக்கொண்டு போகும், அல்லது பூட்டி வைத்து டேலியை எழுதவிடாமல் செய்யும். இரண்டு கணினியில் திறந்தால் கணக்கு சிதையவே வாய்ப்பு அதிகம். சரியான முறை, டேட்டா ஃபோல்டர் சாதாரண டிரைவில் இருக்க, டேலியின் பேக்கப் வசதியில் எடுத்த பேக்கப்பை மட்டும் கிளவுட் ஃபோல்டருக்கு அனுப்புவது. தேதியிட்ட உள்ஃபோல்டர்களில் போட்டால் போன வாரத்துக் கணக்குக்கும் திரும்பலாம்.

எக்ஸெல் ஃபைலையும் இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் இணையமில்லாமல் திருத்தினால் மோதல் வரும். ஒன்டிரைவ் அப்போது ஒரு நகலின் பெயரில் கணினியின் பெயரை ஒட்டித் தனியாக வைக்கும். அது குப்பை அல்ல, அதில் யாரோ செய்த திருத்தம் இருக்கிறது. ஒப்பிட்டுச் சேர்த்த பிறகே அழியுங்கள்.

ஆதார், பான், பத்திரம் போன்றவற்றைக் கிளவுடில் வைக்கலாமா என்றால், வைக்கலாம், ஆனால் பூட்டி. கூகுளும் மைக்ரோசாஃப்டும் தங்கள் சர்வரில் சாவியின்றிப் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்துதான் வைக்கின்றன, ஆனால் சாவியும் அவர்களிடமே. உங்கள் கணக்குக்குள் நுழைந்தவருக்கு எல்லாம் திறந்த புத்தகம். கிரிப்டோமேட்டர் என்ற இலவச மென்பொருள் கிளவுட் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு பெட்டகம் உருவாக்கும், ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாகக் குறியாக்கம் செய்வதால் சிங்குக்கு ஏற்றது. அவ்வப்போது மட்டும் தொடும் ஃபைல்கள் என்றால் 7-ஸிப்பில் ஏஇஎஸ்-256 பாஸ்வேர்டு போட்டுச் சுருக்கி வைத்தாலும் போதும். வெராகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளின் பெட்டகத்தை இதற்குப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: உள்ளே மாற்றம் செய்தாலும் பெட்டக ஃபைலின் தேதியை அது இயல்பாக மாற்றுவதில்லை. சிங்க் செயலி மாற்றமே நடக்கவில்லையென்று நினைத்து ஏற்றாமல் விட்டுவிடும். தேதியை மாற்றாமல் வைக்கும் அந்தத் தெரிவை வெராகிரிப்டின் ப்ரிஃபரன்ஸஸில் அணைக்க வேண்டும். எதில் பூட்டினாலும் பாஸ்வேர்டை மறந்தால் மீட்க யாராலும் முடியாது.

ஒன்டிரைவின் பர்சனல் வால்ட் என்ற பூட்டிய ஃபோல்டரும் இதற்குத்தான், சந்தா இல்லாதவர்களுக்கு மூன்று ஃபைல்தான். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரையும் பயன்படுத்தலாம். அதில் அரசுத் துறையே நேரடியாக வழங்கும் ஓட்டுநர் உரிமம் போன்றவை சட்டப்படி அசலுக்கு இணை, நாமே ஸ்கேன் செய்து ஏற்றுவதற்கு அந்தத் தகுதி கிடையாது.

பகிரும்போது "இணைப்பு வைத்திருக்கும் எவரும்" என்ற தெரிவைத் தொடாதீர்கள். வாட்ஸப் குழுவில் போட்ட அந்த இணைப்பு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பெறுபவரின் மின்னஞ்சலைச் சேர்த்து, பார்க்க மட்டும் என்று அனுமதி கொடுங்கள். திருத்தும் உரிமை கொடுத்த ஃபோல்டரில் அவர் அழித்தால் உங்களிடமிருந்தும் மறையும்.

மூன்றாவது நகல்

கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள். அதில் இருக்கும்வரை இடமும் உங்கள் கணக்கில்தான். பழைய பதிப்புகளுக்கும் வரம்பு உண்டு: கூகுளில் சாதாரண ஃபைல்களுக்கு 30 நாள் அல்லது 100 பதிப்பு, ஒன்டிரைவ் தனிநபர் கணக்கில் கடைசி 25 பதிப்பு. பணம் பறிக்கும் நச்சுநிரலான ரான்சம்வேர் வந்து ஃபைல்களைப் பூட்டினால் பூட்டிய ஃபைலும் சிங்க் ஆகி மேலே போகும். உடனே கவனித்தால் பதிப்புகள் வழியே திரும்பலாம். மைக்ரோசாஃப்ட் 365 சந்தாதாரர்கள் மொத்த ஒன்டிரைவையும் 30 நாளுக்குள் ஏதாவது ஒரு நேரத்துக்குத் திருப்பலாம். இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தீர்கள் என்றால் இவை பெரும்பாலும் உதவாது.

கணக்கே முடக்கப்படவும் கூடும். 2022-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி ஒன்றில், மருத்துவருக்கு அனுப்பத் தன் குழந்தையைப் படம் எடுத்த அமெரிக்கத் தந்தை ஒருவரின் கூகுள் கணக்கு, குழந்தைகளின் ஆபாசப் படமென்று தானியங்கிச் சோதனை சந்தேகித்ததால் முடக்கப்பட்டது. காவல்துறை அவர்மேல் குற்றமில்லை என்றபிறகும் கணக்கு திரும்பவில்லை. அபூர்வமானது என்றாலும் முறையிடப் போக அலுவலக வாசல் கிடையாது என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஆகவே 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளவுட் ஃபோல்டர் முழுவதையும் அதில் காப்பி செய்து, கழற்றி வையுங்கள். கழற்றாமல் விட்டால் ரான்சம்வேர் அதையும் பூட்டும். இந்த வேலையில் இரண்டு இடறல் உண்டு. நீல மேகமாக இருக்கும் ஃபைல்களைக் காப்பி செய்யும்போது விண்டோஸ் ஒவ்வொன்றையும் முதலில் சி டிரைவுக்கு இறக்கும். நடுவில் சி டிரைவ் நிறைந்து காப்பி பாதியில் நிற்கும். ஒரு ஃபோல்டர் முடிந்ததும் அதற்கு ஃப்ரீ அப் ஸ்பேஸ் கொடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

இரண்டாவது, கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் ஃபைல்கள். ஜி டிரைவில் அவை ஃபைல் போலத் தெரிந்தாலும் சில பைட் அளவுள்ள இணைப்பு மட்டுமே. ஹார்டு டிஸ்கில் காப்பி செய்தால் அந்த இணைப்புதான் வரும், எழுத்து ஒன்றுகூட வராது. அவற்றுக்குக் கூகுள் டேக்அவுட் தளத்தில் டிரைவை மட்டும் தேர்ந்தெடுத்து ஏற்றுமதி கேளுங்கள். டாக்ஸ் வேர்டாகவும் ஷீட்ஸ் எக்ஸெலாகவும் மாறி, நீங்கள் தேர்ந்தெடுத்த அளவில் துண்டு துண்டான ஸிப்களாக வரும். தயாரானதும் மின்னஞ்சல் வரும். இணைப்பு ஒரு வாரம்தான் செல்லும், அதற்குள் இறக்கி அதே டிஸ்கில் போட்டு, ஒரு ஸிப்பையாவது திறந்து பாருங்கள்.